டிரைவருக்கு ஒரு குப்பி

ஸ்காட்லாந்தின் கிரீனக் ஊரில் ரோனா கால்பிரெய்த்தைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, நன்றாகக் கார் ஓட்டுவாள் என்பதுதான். பள்ளிக்கூடச் சமையலறையில் பல வருஷமாக சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும் போட்டு ஊர்ப் பிள்ளைகளை வளர்த்தவள் அவள். அதை யாரும் சொல்லமாட்டார்கள். கல்யாணம், சாவு, கால்பந்து ஆட்டம், புத்தாண்டு என்று எங்கே நாலு பேர் சேர்ந்து குடிக்கப் போனாலும், "ரோனாவைக் கூப்பிடு. அவ தொடமாட்டா, எல்லாரையும் வீட்டு வாசல்ல எறக்கி விட்டுடுவா" என்பார்கள். ஊருக்கெல்லாம் அவள் ஒரு வசதியாக இருந்தாள். வசதியைப் பார்த்து யாரும் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை.

அவள் அப்பா ஆர்ச்சி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மீன் வறுவல் வாங்கக் கிளம்புவார். வழியில் பப் இருக்கும். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். வாசற்படியில் உட்காரவைத்து, ஒரு சிப்ஸ் பாக்கெட்டும் லெமனேடும் வாங்கிக் கொடுத்து, "அஞ்சே நிமிஷம்டா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த அஞ்சு நிமிஷத்தில் மழை பெய்து, ஓய்ந்து, மறுபடியும் பிடித்துக்கொள்ளும். பதினேழு வயது ஆனதும் ரோனா முதல் வேலையாக லைசென்ஸ் எடுத்தாள். மற்ற பெண்கள் ஊர் சுற்ற எடுத்தார்கள். இவள் அப்பாவை அள்ளிக்கொண்டு வர எடுத்தாள். ஆர்ச்சி உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தபோது அவருடைய கம்பளிக் கோட்டை அவள்தான் வாங்கி வந்தாள். வீட்டுக்குள் கொண்டுவராமல் குப்பையில் போட்டாள். விஸ்கி என்றால் அவளுக்கு இன்றுவரை அந்தக் கோட்டின் வாசம்தான்.

இப்படிப்பட்டவள் கிரிகரை எப்படிக் கட்டினாள் என்று கேட்டால், கிரிகர் குடிகாரன் இல்லையே, ரசிகன் ஆயிற்றே. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டால் பாட்டிலின் விலைதான் என்பேன். கொதிகலன் பழுதுபார்க்கும் வேலை, நல்ல கைராசி, சிரித்த முகம், பெண்டாட்டியை ஒரு வார்த்தை கடிந்து பேசாத வாய். மாதம் ஒருமுறை விஸ்கி ரசிகர் சங்கத்துக்குப் போவான். மூக்கால் முகர்ந்து, கண்ணை மூடி, "பேரிக்காய், பழைய தோல், கொஞ்சம் உப்பு" என்பான். ரோனா வெளியே காரில் காத்திருப்பாள். ஆர்ச்சி விழுந்து புரண்டார், கிரிகர் விழுந்ததில்லை. ஆனால் விடுமுறை, பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மெல்ல மெல்ல பாட்டிலைச் சுற்றியே நகர்ந்துபோனதை ரோனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்ல முயன்றால், "நான் என்னிக்காவது தள்ளாடியிருக்கேனா?" என்பான். இல்லைதான்.

இந்தக் கோடையில், விஸ்கிக்குப் பேர்போன ஐலா தீவுக்குப் போகலாம் என்றான். மோர்வனுக்கு ஆறு வயது. அவளிடம் கடலில் சீல் என்கிற கடல்நாய்கள் தலை நீட்டும் என்று சொன்னான். ரூரிக்குப் பன்னிரண்டு. அவனிடம் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை, அப்பா போகிற இடத்துக்குப் போகிற வயது. ரோனாவிடம், "ஒரு நாளைக்கு ஒரு வடிசாலை, மீதி நேரமெல்லாம் உங்களுக்கு" என்றான். ஐலாவில் தடுக்கி விழுந்தால் வடிசாலை வாசலில்தான் விழவேண்டும் என்பது ரோனாவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தலையாட்டினாள்.

முதல் நாளே விஷயம் புரிந்துவிட்டது. சின்னக் குழந்தைகளை விஸ்கி காய்ச்சி வடிக்கும் செப்புக் கொதிகலன்கள் இருக்கும் பக்கம் விடமாட்டார்கள், சூடும் ஆவியுமாக இருக்கும். ரூரி உள்ளே போகலாம், மோர்வன் கூடாது. ஆகவே அப்பனும் மகனும் உள்ளே, தாயும் மகளும் வெளியே. கார் நிறுத்துமிடத்தின் குட்டைச் சுவரில் உட்கார்ந்து மோர்வனுக்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கப் போனபோது ரோனாவின் கை ஒரு நொடி நின்றது. பிறகு பிரித்தாள். வேறு என்ன செய்வது?

உள்ளே போன இரண்டு பேரும் வெளியே வரும்போது ஒரே ஆளாக வந்தார்கள். ரூரிக்கு நல்ல மூக்கு. வழிகாட்டி கிண்ணத்தை நீட்டி, "குடிக்கக்கூடாது தம்பி, மோந்து மட்டும் பாரு" என்றால், பையன் மளமளவென்று சொல்வானாம். தேன், எரிந்த ரொட்டி, மருந்துக்கடை, கடற்பாசி. பெரியவர்கள் கைதட்டுவார்களாம். "அப்பனுக்குத் தப்பாத பிள்ளைன்னு சொன்னாங்க ரோனா, ஜெர்மன்காரர் ஒருத்தர் எழுந்து நின்னு கைகொடுத்தார்!" என்று கிரிகர் பூரித்துப்போவான். பையன் முகம் சிவந்து ஒளிரும். வீட்டில் கணக்குப் பாடத்துக்கும் கால்பந்துக்கும் திட்டு வாங்கியே பழகியவன், முதல்முறையாகக் கைதட்டல் வாங்குகிறான். அதைப் பிடுங்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

"அம்மா, நீயும் மோந்து பாரேன். என்ன வாசம்னு சொல்லு பாப்போம்" என்று சாயங்காலம் அப்பாவின் தம்ளரை எடுத்து நீட்டுவான் ரூரி.

"எனக்கு வேண்டாம்டா."

"ஒரே ஒரு தடவை."

"வேண்டான்னா வேண்டாம்."

"அம்மாவுக்கு மூக்கு இல்லடா, வண்டி ஓட்டுற கை மட்டும்தான்" என்பான் கிரிகர். கேலிதான், வன்மம் கிடையாது.

கிளம்பும் நேரத்தில் எல்லா வடிசாலையிலும் ஒரே சடங்கு. கடை மேசைக்குப் பின்னால் நிற்பவர், "வண்டி ஓட்டுறது யாரு?" என்று கேட்பார். எங்கள் நாட்டுச் சட்டம் பொல்லாதது, ஒரு மடக்கு இறங்கினாலும் சாவியைத் தொடாமல் இருப்பதுதான் புத்தி. அதனால் டிரைவரின் பங்கைச் சின்னக் குப்பியில் ஊற்றி, மூடி போட்டு, வீட்டுக்குப் போய்க் குடிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். கேள்வி வந்ததும் கிரிகரும் ரூரியும் மோர்வனும் ஒரே சமயத்தில் ரோனாவை நோக்கி விரல் நீட்டுவார்கள். மோர்வனுக்கு அது விளையாட்டு. குப்பி ரோனாவின் கைக்கு வந்து, கார்க் கதவின் பைக்குப் போய், சாயங்காலம் கிரிகரின் தம்ளருக்கு வந்து சேரும். "உனக்குத்தான் வேண்டாமே" என்பான். அவள் பேரைச் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு ஒருநாளும் நின்றதில்லை.

அந்தத் தீவில் அவளுக்கு என்று கிடைத்தது ஒன்றே ஒன்று. எதிரே வரும் வண்டிக்காரர்கள் எல்லாரும், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஸ்டியரிங்கிலிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார்கள். ஐலாக்காரர்களின் பழக்கம் அது. பதிலுக்குக் கை தூக்கும்போது மட்டும் ரோனாவுக்குத் தன்னை யாரோ பார்த்ததுபோல் இருந்தது.

வாரக் கடைசியில் ஒரு காலை கார்க் கதவின் பையைத் துடைக்கும்போது குப்பி ஒன்று கையில் தட்டுப்பட்டது. மூடி தளர்ந்திருந்தது. பாதி இல்லை. கிரிகர் குப்பியைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

ரூரியைத் தனியாகக் கூப்பிட்டாள். பையன் மறைக்கவில்லை.

"நாக்கு நுனியில வச்சுப் பாத்தேன்மா. மூக்கால மட்டும் முழுசாத் தெரியாது. அப்பாதான் சொன்னாரு."

"நாக்கு நுனியிலயா? பாதியக் காணோமே!"

"முதல்ல எரிஞ்சுது. அப்புறம்..." பையன் நிறுத்தி, சிரித்துக்கொண்டே தரையைப் பார்த்தான். "அப்புறம் எரியல."

குப்பியைக் கொண்டுபோய்க் கிரிகர் முன்னால் வைத்து, பையன் சொன்னதைச் சொன்னாள்.

"அட, பல்லு முளைக்கிறப்போ எங்கம்மா என் ஈறுல விஸ்கி தடவினவங்க. நான் செத்தா போயிட்டேன்? ஒரு சொட்டுக்கு இப்படி ஒப்பாரி வைக்கிறியே."

"கிரிகர், நான் இதுவரைக்கும் உன்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. இப்பக் கேக்குறேன், கால்ல விழச் சொன்னாலும் விழுறேன். அவன இனிமே உள்ள கூட்டிட்டுப் போகாத. எங்கப்பாவ நான் தூக்கியாந்தது போதும். என் பிள்ளையத் தூக்கிட்டு வர எனக்குத் தெம்பில்ல."

அவள் அழுது அவன் பார்த்ததில்லை. பயந்துபோனான். "சரி சரி, கண்ணத் தொடச்சுக்கோ. இனிமே கிடையாது. நாளைக்கு ஊருக்குப் போற கப்பலுக்கு முன்னாடி நேரா சீல் பாக்கப் போறோம், போதுமா?" என்றான். சொல்லும்போது மனசாரத்தான் சொன்னான். அந்த மாதிரி ஆட்கள் எப்போதும் மனசாரத்தான் சொல்வார்கள்.

மறுநாள் காற்று எழுந்தது. சாயங்காலக் கப்பல் கிடையாது, மத்தியானக் கப்பல்தான், அதை விட்டால் ரெண்டு மூணு நாளைக்குக் கப்பல் வருமோ வராதோ என்று செய்தி வந்தது. சீல்கள் வரும் குடா தீவின் அந்தக் கோடியில் இருந்தது. நேரம் போதாது. துறைக்குப் போகும் வழியிலேயே இன்வர்டூ வடிசாலை. கிரிகர் தொண்டையைக் கனைத்தான்.

"அங்க பீப்பாயிலிருந்து நேரா ஊத்திக் குடுக்குறாங்க ரோனா. போன மாசமே ரெண்டு பேருக்குச் சொல்லி வச்சுட்டேன். வடிசாலைக்குப் பின்னாடியே கரைதான், அங்கயும் சீல் வரும். அஞ்சே நிமிஷம்."

அவள் கையில் ஸ்டியரிங் இருந்தது. நேரே போயிருக்கலாம். பின்னாலிருந்து ரூரி, "ப்ளீஸ்மா, கடைசித் தடவை. நான் மோந்து மட்டும் பாக்குறேன்" என்றான். அவள் வண்டியைத் திருப்பினாள். அந்த ஒரு திருப்பத்துக்காகத் தன்னை அவள் பிற்பாடு எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்று சொல்லி மாளாது.

குட்டைச் சுவர். சிப்ஸ் பாக்கெட். மழை. மோர்வன் கடலைப் பார்த்துச் சலித்து, "ஒண்ணுமே வரலியே" என்றாள். பிறகு ஒண்ணுக்கு வருகிறது என்றாள். கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் வழியில் பீப்பாய்க் கிடங்கின் கதவு திறந்திருந்தது.

உள்ளே அரையிருட்டு. பீப்பாய்களைச் சுற்றிப் பெரியவர்கள் வட்டமாக நின்றார்கள், நடுவில் ரூரி. வழிகாட்டி எஃபி என்ற வயதான அம்மாள் முதுகைக் காட்டியபடி செப்புக் குழாயை அடுத்த பீப்பாய்க்குள் இறக்கிக்கொண்டிருந்தாள். கிரிகர் தன் கிண்ணத்திலிருந்து மகனின் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினான். உள்ளங்கையில் தேய்த்து முகர்வது வழக்கம்தான், அதற்குத் தடை கிடையாது. பையன் தேய்த்தான், முகர்ந்தான், கண்ணை மூடினான். "ஈரக் கயிறு. ஆரஞ்சுத் தோல். அப்புறம்... சாம்பல்" என்றான். கைதட்டினார்கள். பையன் கண்ணைத் திறந்து, அப்பாவைப் பார்த்து, உள்ளங்கையை ஒரே இழுப்பாக நக்கினான். வட்டமே சிரித்தது. கிரிகரும் சிரித்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தான்.

ரோனா உள்ளே பாய்ந்து போய்ப் பையனை இழுத்துக்கொண்டு வரவில்லை. கத்தவும் இல்லை. கத்த ஒன்றும் மிச்சம் இல்லை. மோர்வனைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள், கை கழுவ வைத்தாள், துடைத்துவிட்டாள். எல்லாம் முடிந்தது, இவனும் போய்விட்டான் என்று அவள் மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது.

கடை மேசையில் எஃபி பாட்டில்களை ஒதுக்கிவிட்டு, சின்னக் குப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு, "வாங்க வாங்க. உங்கள்ல வண்டி ஓட்டுறது யாரு?" என்றாள்.

மூன்று விரல்கள் நீண்டன.

"இந்தா கண்ணு, உன் பங்கு. மழையில பச்சப் பிள்ளைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே, உனக்கு ரெண்டு சொட்டுக் கூடவே ஊத்தியிருக்கேன்" என்று குப்பியை நீட்டினாள். ரோனா வாங்கினாள். பழக்க தோஷம், கிரிகரின் கை தானாக நீண்டு வந்தது. "குடு, நான் வச்சுக்கறேன்."

ரோனா மூடியைத் திருகினாள். அண்ணாந்து, ஒரே மூச்சில், கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

தொண்டை தீயாய் எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. காலிக் குப்பியை மேசையில் வைத்து, பக்கத்திலேயே கார்ச் சாவியையும் வைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள். "வண்டி ஓட்டுறது யாரு?"

ஒரு விரலும் நீளவில்லை. கிரிகர் முதலில் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான்.

"ரோனா... நீ நெசமாவே குடிச்சிட்டியா?"

"பாத்துக்கிட்டுத்தானே நின்ன."

"ஏன்டி, பைத்தியமா உனக்கு? கப்பல் கிளம்பப் போகுது! திங்கக்கிழமை எனக்கு வேலை இருக்கு. இனிமே யாரு ஓட்டுவா?"

"எனக்குத் தெரியாது. பதினேழு வயசிலேர்ந்து அந்தக் கேள்விக்கு நான்தான் பதிலு. இன்னிக்கு வேற யாராவது பதில் சொல்லுங்க."

கிரிகர் சாவியை எடுத்தான். "ரெண்டு மைல்தானே. நான் என்ன தள்ளாடுறேனா?"

எஃபியின் முகம் மாறிவிட்டது. "ஐயா, என் கண் முன்னாடி பீப்பாயிலிருந்து குடிச்சவரு நீங்க. சாவியக் கீழ வைங்க. இந்தத் தீவுப் போலீஸ்காரன் என் தம்பி மகன். போன் போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

அவன் காதில் வாங்கவில்லை. மழையில் இறங்கிக் காரை நோக்கி நடந்தான். அவன் பின்னால், எந்த யோசனையும் இல்லாமல், வாரம் முழுக்க நடந்த அதே நடையில் ரூரி போனான். முன் கதவின் கைப்பிடியைப் பிடித்தான்.

ரோனா மோர்வனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று கால் பரபரத்தது. பிடித்து வைத்தால் இன்றைக்கு நிற்பான். நாளைக்கு? ஆர்ச்சியை அவள் எத்தனை தடவை கையைப் பிடித்து இழுத்திருப்பாள்!

"ரூரி" என்றாள். "என்ன வாசம்னு கேட்டியே. சொல்றேன், கேட்டுட்டுப் போ."

பையன் திரும்பினான்.

"ஈரக் கம்பளிக் கோட்டு. பப்பு வாசப்படி. உங்க தாத்தா குனிஞ்சு எங்கிட்ட 'அஞ்சே நிமிஷம்'னு சொல்றப்போ அவர் வாயிலேர்ந்து வர்ற வாசம். அந்த ஆஸ்பத்திரிப் போர்வை. வேற எதுவும் எனக்குத் தெரியலடா. தேனும் தெரியல, பேரிக்காயும் தெரியல." குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று சொன்னாள். "அப்புறம் இன்னொண்ணு. நல்லா இருந்துச்சு. முதல்ல எரிஞ்சுது, அப்புறம் எரியல. இந்த நிமிஷம் இன்னொரு குப்பி குடுத்தா நான் குடிச்சிடுவேன் ரூரி. எனக்கு அது பயமா இருக்கு. எங்கப்பா ரத்தம் எங்க போகும்? எனக்குள்ள இருக்கு. உனக்குள்ளயும் இருக்கு."

பொய் இல்லை. நாக்கு வாய்க்குள் மிச்சச் சொட்டைத் தேடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் தான் உறுதியானவள் என்று நினைத்திருந்தாள். கிட்டப் போகாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

ரூரி கைப்பிடியை விட்டான். அம்மாவைப் பார்த்தான், காருக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். பிறகு இரண்டு பேரிடமும் போகாமல் வடிசாலைக்குப் பின்னால் கரைக்கு இறங்கினான்.

கிரிகர் கதவைச் சாத்தவில்லை. சாவியைப் போட்டான், திருப்பவில்லை. துறையிலிருந்து கப்பல் ஊதியது. கொஞ்ச நேரத்தில் மழைக்குள் அது தீவைவிட்டு விலகுவது தெரிந்தது. அவன் நெற்றியை ஸ்டியரிங்கில் சாய்த்துக்கொண்டான். ஒரு வண்டி வளைவில் திரும்பியது. அதை ஓட்டிய ஆள் வழக்கம்போல் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினான். பதிலுக்கு அவன் கை எழவில்லை.

ரோனா மோர்வனோடு கரைக்குப் போனபோது ரூரி கூழாங்கல்லில் மண்டியிட்டு, வலது உள்ளங்கையைக் கடல் தண்ணீரில் தேய்த்துக்கொண்டிருந்தான். மணலை அள்ளித் தேய்த்தான், கடற்பாசியால் தேய்த்தான். தோல் செக்கச் செவேலென்று ஆகியிருந்தது. முகர்ந்து பார்ப்பான், மறுபடி தண்ணீரில் விடுவான். மோர்வன் பக்கத்தில் நின்று சீல் வருகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

"இன்னும் போகலம்மா" என்றான். உதடு குளிரில் நீலம் பாரித்திருந்தது. கையை அவளிடம் நீட்டினான். "நீ பாரு."

அந்த வாரத்தில் அவன் எத்தனை முறை நீட்டியும் குனியாதவள் குனிந்தாள். உள்ளங்கையை முகர்ந்தாள். இருந்தது. உப்புக்கும் பாசிக்கும் அடியில் நன்றாகவே இருந்தது. போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். தாய் சொன்னால் நம்புகிற வயதுதான்.

"ஆமா, இருக்கு" என்றாள். அவன் பக்கத்தில் மண்டியிட்டு, தன் கையையும் அந்த ஐஸ் தண்ணீருக்குள் விட்டு, மகன் கையைப் பிடித்துக்கொண்டாள். "மறுபடியும் கழுவு."